உருத்திரபுரத்தில் உலையும் கடைசலும்: வன்னி வீட்டுப் பட்டறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னிமைகளின் எழுச்சி வீழ்ச்சிகளைப் பற்றியும், 1803இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றமை பற்றியும், குளங்கள் தூர்ந்தமையும் மீளக் கட்டப்பெற்றமையும் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். நெல்லின் வரலாறு அவர்தம் நூல்களில் உண்டு. ஆனால், விதைப்புக் காலத்தின் நடுவே உழவு இயந்திரத்தின் அச்சு முறிந்தவிடத்து அதனை மீளப் பொருத்தியவர் யார், எக்கருவி கொண்டு பொருத்தினார், அதற்குரிய அறிவை எங்கிருந்து பெற்றார் என்பன வரலாற்று வினாக்களாகக் கருதப்படவில்லை. பழுதுபார்த்தல் என்பது புத்தாக்கத்தின் பின்னால் வரும் இரண்டாந்தரத் தொழில் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். வன்னியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சற்றும் பொருந்தாது. இங்கு இயந்திரம் எதுவும் ஆக்கப்படவில்லை, வெளியிலிருந்து வந்தது. வந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தமை மட்டும் இம்மண்ணின் ஆக்கம். வீட்டின் ஒரு புறத்தே ஓலைக் கொட்டிலின் கீழ் அரமும் துறப்பணமும் சிறு உலையுமாக அமைந்த பட்டறைகளே அவ்வாக்கம் நிகழ்ந்த களங்கள்.

உருத்திரபுரம் கிளிநொச்சி நகருக்கு மேற்குப் புறமாக அமைந்த ஊர். உருத்திரபுரீசுவரர் ஆலயத்தின் தொன்மை இவ்விடத்தில் பழங்காலத்தே மக்கள் வாழ்ந்தமையை உணர்த்தும். ஆயின் இன்று காணப்படும் ஊர் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் படைப்பேயாம். 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் காட்டும் வன்னி, உடைந்த குளங்களும் காய்ச்சலும் அருகிய குடிகளும் கொண்ட ஒரு காட்டு நிலம். அந்நூல் வெளிவந்து பத்தாண்டுகள் ஆவதற்குள் வடபகுதிப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைத்தது. 1905இல் அப்பாதை முழுமை பெற்றது. அதனையடுத்துக் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டி முடிக்கப்பட்டது. குடாநாட்டில் நிலமற்றிருந்தோர் தெற்கே வந்தனர். பின்னர், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களையடுத்து மலையகத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்தோரும் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் குடியேறினர். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று நீர்ப்பாசன வாய்க்கால்களின் இலக்கங்களே இடப்பெயர்களாக வழங்குவதிலிருந்து இவ்வூர் எத்தகைய திட்டத்தின் பிள்ளை என்பது புலனாகும். பழைய ஊர்களுக்குப் பெயர் தந்தவை மரங்களும் குளங்களும். இவ்வூருக்குப் பெயர் தந்தது வரைபடம்.

இவ்வேறுபாடு பட்டறை வரலாற்றுக்கும் உரியது. பழைய தமிழ் ஊர்களில் இரும்பு வேலை கொல்லரின் குலத்தொழில். அவர் உலைக்களமும் துருத்தியும் பட்டடையும் தலைமுறை தலைமுறையாகப் பேணினார். கலப்பைக் கொழுவும் கத்தியும் மண்வெட்டியும் செய்து ஊருக்கு அளித்து, அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி பெற்றார். குடியேற்ற ஊரில் அத்தகைய பரம்பரை ஒழுங்கு அமைவதற்குக் காலம் போதவில்லை. ஆகவே இரும்போடு பழக வேண்டியவர் எக்குலத்தவராயினும் பழகினார். கமக்காரரும், புகையிரதப் பகுதியிலோ நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ அயலிலுள்ள பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ வேலைபார்த்தவரும், உழவு இயந்திரச் சாரதியும், பாடசாலையில் மரவேலை பயின்ற இளைஞரும் இத்தொழிலுக்கு வரக்கூடியவராயினர். பிறப்பினால் அன்றித் தேவையினாலும் விருப்பினாலும் உலோக வேலையில் இறங்கிய ஒருவகை மனிதர் வன்னியில் உருவானமை சமூக வரலாற்று நோக்கில் கருதத்தக்கது.

கொல்லர் தொழிலுக்கும் இயந்திரப் பட்டறைத் தொழிலுக்கும் இடையே உள்ள வேற்றுமை அளவில் உள்ளது. மண்வெட்டியின் அலகு ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் மண் வெட்டப்படும். ஒரு நூல் என்பது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு. பிஸ்டனோ அச்சோ அவ்வாறன்று. அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு பிசகினாலும் இயந்திரம் புகையும், அன்றி இறுகும். நூலிலிருந்து ஆயிரத்திலொன்றுக்குச் சென்ற இப்பயணத்தை மேற்குலகம் கடந்தமை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே. இலண்டனில் ஹென்றி மோட்சிலி என்பார் 1800ஆம் ஆண்டை ஒட்டித் திருகுபுரி வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவர் பட்டறையில் பயின்ற ஜோசப் விற்வேர்த் 1841இல் திருகாணிப் புரிகளுக்கு ஒரு பொதுநியமம் வகுத்தார்.

விற்வேர்த்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மற்றொரு முறை இங்குச் சற்று விரித்துரைத்தற்குரியது. முற்றிலும் சமதளமான ஒரு பரப்பை எவ்வாறு ஆக்குவது? வேறொரு சமதளத்தைக் கொண்டு ஒப்பிட்டு ஆக்கலாம். அந்த முதற் சமதளம் எங்கிருந்து வந்தது? இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று உராய்த்துச் சரிசெய்தால் ஒன்று குழிந்தும் மற்றையது அதற்கேற்பக் குவிந்தும் போகலாம். இரண்டும் பொருந்தும், ஆயினும் இரண்டும் சமதளம் அல்ல. மூன்று தகடுகளை எடுத்து இரண்டிரண்டாக மாறி மாறி ஒப்பிட்டுச் சுரண்டினால், மூன்றும் தம்முள் பொருந்துவதற்கு அவை சமதளமாயிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. செம்மையான மூலப்பொருள் எதுவுமின்றியே செம்மையைப் பெறுவதற்கான வழி இதுவாகும். வீட்டுப் பட்டறையாளர் அனைவருக்கும் அடிப்படையான படிப்பினை இதுவெனலாம். வளைந்துபோன எஞ்சின் தலையைத் தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் அரத்தாளை விரித்து எட்டுப்போல் உராய்த்துச் சமன்செய்யும் வழக்கம் இன்று எங்கும் உண்டு. அங்கே கண்ணாடி மூலத்தின் இடத்தைப் பெறுகிறது. தொழிற்சாலையின் தளச்சீர் இயந்திரம் இல்லாதவிடத்து அதுவே போதும்.

இங்கிலாந்தில் இத்தகைய வீட்டுப் பட்டறைகள் பொழுதுபோக்காக வளர்ந்தன. எழுதுவினைஞரும் ஆசிரியரும் மருத்துவரும் மாலைப்பொழுதிற் சிறு நீராவி எஞ்சின்களைச் செய்தனர். அவர்களுக்கென 1898இல் பேர்சிவல் மார்சல் என்பார் 'மொடல் எஞ்சினியர்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். முறிந்த திருகாணியை எடுப்பது எங்ஙனம், சிறிய கடைசல் இயந்திரத்தில் நடுக்கத்தை ஒழிப்பது எங்ஙனம் என்பன போன்ற சிக்கல்களை வாசகர் எழுதினர். வேறு வாசகர் விடை எழுதினர். ஒருவர் தம் கொட்டிலிற் கண்ட சிறு நுட்பம் அச்சேறிப் பொதுவுடைமையாயிற்று. வன்னியிலும் இதே சிக்கல்கள் எழுந்தன, விடைகளும் காணப்பட்டன. அங்கே பொழுதுபோக்காக இருந்தது இங்கே வயிற்றுப்பாடு. அங்கே அச்சேறியது இங்கே வாயோடு நின்றது.

உழவு இயந்திரங்கள் வன்னிக் கமங்களிற் பரவியமை சுதந்திரத்துக்குப் பிற்பட்ட நிகழ்ச்சி. முதலில் பெர்குசன் போன்ற நான்கு சில்லு இயந்திரங்கள் வந்தன. 1960களில் லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சில்லு உழவு இயந்திரம் இலங்கைக் கமக்காரரிடையே பெயர்பெற்றது. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரமும் இக்காலத்தில் தோட்டங்களைச் சென்றடைந்தது. 1970 தொடக்கம் 1977 வரை நடைபெற்ற ஆட்சி, செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது வடபுலத் தோட்டக்காரர் பெருவருவாய் ஈட்டினர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களின் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் அக்காலத்தில் நாடளாவிய கவனத்தைப் பெற்றன. ஆயின் இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாயோடு நின்றுவிடவில்லை. உதிரிப்பாகங்களும் அருகின. மிளகாய் விலையேற்றம் கமக்காரரை இயந்திரத்தின்பால் ஈர்த்தது. அதே கட்டுப்பாடு அவ்வியந்திரத்தின் உதிரிப்பாகத்தை அவருக்கு எட்டாமற் செய்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே பட்டறை தழைத்தது. வன்னியின் பட்டறைத்திறன் போர்க்காலத்தில் திடீரெனத் தோன்றியதன்று என்பதை இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். போர் வந்தபோது அத்திறன் ஏற்கெனவே ஒரு தலைமுறைப் பயிற்சி பெற்றிருந்தது.

1977இன் திறந்த பொருளாதாரம் வேறொரு சிக்கலைக் கொணர்ந்தது. யப்பானிய இரு சில்லு இயந்திரங்களும் சிறு எஞ்சின்களும் மலிந்தன. அவற்றின் திருகாணிகள் மில்லிமீற்றர் அளவின. அதுவரை பட்டறைகளில் இருந்த கருவிகளோ ஆங்கிலேய அங்குல அளவின. அரை அங்குல விற்வேர்த் திருகாணிக்கு அங்குலத்துக்குப் 12 புரிகள். புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்கரும் பிரித்தானியரும் பின்னர் ஒப்புக்கொண்ட ஒருமித்த நியமத்தின் பருபுரியிலோ அதே அரை அங்குலத்துக்கு 13 புரிகள். கோணம் 60 பாகை. 12 மில்லிமீற்றர்த் திருகாணிக்குப் புரியிடைத் தூரம் 1.75 மில்லிமீற்றர். கண்ணுக்கு மூன்றும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். முதற் சுற்று ஏறும், இரண்டாஞ் சுற்றும் ஏறும், பின்னர் இறுகும். இறுகியதைப் பலம் என்று எண்ணி முறுக்கியவர் புரியை உரித்துவிடுவார். புரியளவு காட்டும் பற்தகடு இல்லாதவிடத்து, அளவு தெரிந்த ஒரு திருகாணியைத் தெரியாததோடு பக்கம் பக்கமாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் நம்பத்தக்க வழி. பத்துப் புரிகளுக்குள் வேறுபாடு தன்னைக் காட்டிவிடும்.

அங்குல அளவுக் கடைசல் இயந்திரத்தில் மில்லிமீற்றர்ப் புரி வெட்டுவது எங்ஙனம் என்பது இன்னும் நுண்ணிய வினா. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், இதனை 127இன் கீழ் 5 என்னும் பின்னமாக்கினால், 127 பற்கள் கொண்ட சில்லு ஒன்று வேண்டும் என்பது வெளிப்படும். 127 ஒரு பகா எண்; ஆகையால் அதனைச் சிறு சில்லுகளாகப் பிரித்துப் பெற முடியாது. அத்துணைப் பெரிய சில்லு சிறிய கடைசல் இயந்திரத்துக்குள் அடங்குவதும் அரிது. ஆயின் 127க்குப் பதிலாக 63 பற்கள் கொண்ட சில்லை எடுத்து, ஒரு மில்லிமீற்றரை அங்குலத்தின் 1600இல் 63 பங்கு எனக் கொண்டால் நேரும் பிழை பத்தாயிரத்தில் ஒன்றேகால் பங்கே. ஓர் அங்குல நீளமுள்ள சுரையில் அது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவினது. எந்த உழவு இயந்திரமும் அதனை உணராது. எப்பிழையைப் பொறுக்கலாம், எதனைப் பொறுத்தல் ஆகாது என்று அறிதலே இத்தொழிலின் அறிவு. பாடநூல்கள் செம்மையைக் கற்பிக்கும். போதுமான செம்மை எது என்பதைப் பட்டறையே கற்பிக்கும்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. பெற்றோல், மின்கலம், சீமெந்து, இரும்பு, பசளை முதலாகப் பல பொருள்கள் வடபகுதிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. அதுவும் விலை மிகுந்து. தேசிய மின்வலையின் மின்சாரம் இல்லாதொழிந்தது. இவ்வாறு தொடங்கிய காலம் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை நீடித்தது. குடாநாட்டிலும் வன்னியிலும் வாழ்ந்தோர் இக்காலத்திற் கையாண்ட உத்திகளுள் மூன்று இன்றும் அனைவர் நினைவிலும் உள்ளன. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டியும், துவிச்சக்கரவண்டி டைனமோவினாற் பாடிய வானொலியும், ஜாம் போத்தலில் எரிந்த சிக்கன விளக்குமே அவை. இவற்றை வியந்து பேசுவோர் பலர். இவற்றுள் அடங்கிய பொறியியலைப் பேசுவோர் சிலரே.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஆவியாகாதது தீப்பற்றாது. சூடேறியபின் ஆவியாயினும், பெற்றோலைப் போல மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது. காலத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். எனவே சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். உட்செல்லும் காற்றுக்குச் சூடு ஊட்ட வேண்டும். எஞ்சின் தலையின் கீழ் மேலதிகமாக ஒரு பாக்கிங் வைத்து அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தையும் சற்றே பிந்தச் செய்ய வேண்டும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி உயவெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் உயவெண்ணெயை அடிக்கடி மாற்றாதவரின் எஞ்சின் நெடுநாள் நில்லாது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகள் இம்மாற்றத்தைத் தாங்கியமைக்குக் காரணம் அவற்றின் பழமையே. அவற்றின் அமுக்கம் இயல்பாகவே தாழ்ந்தது. புதிய யப்பானிய வண்டிகள் கொட்டிலில் முடங்கிக் கிடக்கப் பாட்டன் காலத்து வண்டி வீதியில் ஓடிய வேடிக்கை அக்காலத்துக்கே உரியது.

இவ்வுத்தி வானத்திலிருந்து விழுந்ததா? 1949இல் வெளிவந்த ஒருவகைப் பெர்குசன் உழவு இயந்திரம் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் இயங்குமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பின் மற்றதற்கு மாற்றும் முறையும் தாழ்ந்த அமுக்கமும் அதில் இருந்தன. தோட்டத்து மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரமும் இதே தத்துவத்தின்படி ஓடியது. மிளகாய்க் கன்றுக்கு நீர் இறைத்த அவ்வியந்திரத்தை ஒரு தலைமுறைக் காலம் கழற்றிப் பூட்டியவர்களுக்கு, அதன் தத்துவத்தை மோட்டார் வண்டிக்கு ஏற்றுவது பெருந்தொலைவு அன்று. 1990களின் 'கண்டுபிடிப்பு' எனப்படுவது 1970களின் தோட்டத்திற் கற்ற பாடம் என்றே கொள்ளுதல் தகும். இது அவர்தம் பெருமையைக் குறைப்பதாகாது. அவர்களுடைய அறிவுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையே நிறுவுகின்றது.

டைனமோவின் செய்தியும் இத்தகையதே. துவிச்சக்கரவண்டி டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று அளவான ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். பழுதான வானொலியிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்து ஒரு கொள்ளளவியைக் குறுக்கே பூட்டினால் ஆடல் அடங்கும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சிறுவர் மிதியைக் கையாற் சுற்ற, பெரியோர் செய்தி கேட்டனர். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் தேயும். கூடினால் வானொலிக்குக் கேடு. சுற்றுவோர் ஒரே வேகத்தைப் பேணப் பழகிக்கொண்டனர்.

மின்சாரம் இல்லாத ஊரிற் கடைசல் இயந்திரத்தை எதனால் ஓட்டுவது? இரு சில்லு உழவு இயந்திரத்தின் கப்பியிற் பட்டி பூட்டி நீரிறைக்கலாம், சூடடிக்கலாம் என்பது கமக்காரர் அனைவரும் அறிந்தது. அப்பட்டியைக் கடைசல் இயந்திரத்துக்குப் பூட்டுவதற்குத் தடை எதுவுமில்லை. வேகத்தைக் கப்பியின் விட்டத்தால் ஒழுங்கு செய்துகொள்ளலாம். உருக்கொட்டு வேலைக்கு மின்னோட்டம் இல்லாதவிடத்துப் பழைய முறைகள் மீண்டன. வார்ப்பிரும்பு வெடித்தால் வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுப்பர். பின்னர் வெடிப்பின் வழியே ஒன்றையொன்று கவ்வுமாறு துளையிட்டுப் புரி வெட்டித் திருகாணிகளை இறுக்கி அரத்தாற் சமன்செய்வர். துணியைத் தைப்பது போன்ற இம்முறைக்கு நெருப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வெண்கலம் ஊற்றி ஒட்டுவதாயின் பொருள் முழுவதையும் கரியடுப்பில் மெல்லச் சூடேற்றி, ஒட்டியபின் சாம்பலிற் புதைத்து ஓரிரவு ஆறவிட வேண்டும். விரைந்து ஆறினால் மீண்டும் வெடிக்கும். உமிச்சாம்பல் சூட்டை நெடுநேரம் தாங்கி வைத்திருக்கும். நெல் விளையும் ஊரில் அதற்குக் குறைவில்லை.

உருக்கும் இவ்வாறே கிடைத்த இடத்திலிருந்து வந்தது. லொறியின் வில்லுத்தகடு நூற்றுக்கு அரைப்பங்கு அளவிற் கரிமம் கொண்ட நல்லுருக்கு. கத்திக்கும் உளிக்கும் ஏற்றது. அதனைச் செஞ்சூட்டிற்குக் காய்ச்ச வேண்டும். எப்போது போதும் என்பதற்குக் காந்தமே சாட்சி. ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தை விட்டு விலகும். அதற்குச் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் இவ்வுருக்கு வெடிக்கக் கூடும். தோய்த்தது கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதனைத் தேய்த்து மினுக்கி மீண்டும் மெல்லச் சூடேற்றினால் மேற்பரப்பில் நிறங்கள் ஓடும். 230 பாகையளவில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலமும் தோன்றும். வெட்டும் கருவிக்கு வைக்கோல் நிறம், அடி தாங்கும் கருவிக்கு நீலத்தை அண்டிய நிறம். நண்பகல் வெயிலில் இந்நிறங்கள் கண்ணுக்குத் தப்பும்; ஆகவே இவ்வேலை நிழலிலோ மாலை மங்கலிலோ செய்யப்படுவது. உருக்கு என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தோ அதனோடு உறவுடைய கன்னடச் சொல்லிலிருந்தோ மேலைநாட்டார் 'வூட்ஸ்' என்ற பெயரைப் பெற்றனர் என்பர். அந்த உருக்கின் இரகசியத்தை அறிய மைக்கேல் பரடே 1819இல் இலண்டனில் ஆய்வு செய்தார். அத்தகைய பெயர் பெற்ற மொழியில், வில்லுத்தகட்டைப் பதப்படுத்துவது எங்ஙனம் என்று கூறும் சிறு கைந்நூல் ஒன்றேனும் வன்னிப் பட்டறைகளின் கையில் இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் கியூபாவை நோக்குதல் பொருத்தமாகும். 1991இற் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கியூபாவுக்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் நின்றுபோயின. வன்னி எதிர்கொண்ட அதே காலம். ஏறத்தாழ அதே சிக்கல்கள். அங்கு 1992இல் 'எமது சொந்த முயற்சியால்' என்று பொருள்படும் தலைப்பில், மக்கள் கண்ட உத்திகளைத் திரட்டி இராணுவப் பதிப்பகமே ஒரு நூலை வெளியிட்டது. அரசு தன் குடிகளின் கைவினையை அச்சேற்றியது. வன்னியில் நிலைமை நேர்மாறானது. இரும்புக் குழாயும் மின்கலமும் போர்க்கருவியாகக் கூடும் என்று தடுக்கப்பட்ட நாட்டில், அவற்றைக் கொண்டு ஒருவர் என்ன செய்தார் என்பது எழுதிவைக்கத்தக்க செய்தியன்று. பட்டறைகள் போர்த் தேவைக்கும் பயன்பட்டன என்பது உண்மை. அது தனித்து ஆராயப்பட வேண்டியது. ஆனால் அந்நிழல் நீரிறைக்கும் இயந்திரத்தைச் செப்பனிட்டவர் மேலும் விழுந்தது. அவருடைய மௌனத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எழுதப்படாத தொழில்நுட்பம் எவ்வளவு விரைவில் மறையும் என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்த காலத்தில், சப்பிரகமுவைப் பகுதியில் அழியும் நிலையிலிருந்த இரும்புருக்கு முறையை நேரிற் கண்டு, 1908இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்தார். அவர் சில ஆண்டுகள் பிந்தியிருப்பின் எழுதுவதற்கு எதுவும் எஞ்சியிராது. அதே மலைச்சரிவுகளில், பருவக்காற்றைத் துருத்தியாகக் கொண்டு இயங்கிய ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உலைகளைச் சமனலவெவ நீர்த்தேக்கத் திட்டத்தையொட்டிய அகழாய்வு வெளிப்படுத்தியது; கில் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் அது பற்றி 1996இல் எழுதும் வரை, காற்றை மட்டும் நம்பி அவ்வாறு உருக்கு ஆக்கலாம் என்பதைப் பலர் ஏற்றிருக்கமாட்டார். செய்தவர் எழுதவில்லை, எழுதியவர் கண்டிலர். இடைவெளி ஆயிரம் ஆண்டு.

உருத்திரபுரத்தின் இடைவெளி அவ்வளவு நீண்டதன்று. ஆனால் அதற்குள் இரு பெரும் இடப்பெயர்வுகள் உள்ளன. 1996இல் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது சுற்றுப்புற ஊர்கள் வெறிச்சோடின. 2008இன் இறுதியில் மீண்டும் அதே நிலை. 2009 சனவரி 2ஆந் திகதி கிளிநொச்சி நகர் வீழ்ந்தது. இடம்பெயர்வோர் எதனைச் சுமப்பர்? சிறிய கடைசல் இயந்திரமும் பல அந்தர் எடையுள்ளது. உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடைக்கும் பாத்திரத்துக்கும் முதியோருக்கும் பிந்தியே அதற்கு இடம். அரமும் புரிவெட்டியும் சாக்கிற் கட்டுண்டு சென்றிருக்கலாம். பட்டடை நின்ற இடத்தில் நின்றது. ஆனால் கையிற் படிந்த அறிவு எடையற்றது. மாத்தளனும் முள்ளிவாய்க்காலும் வரை அதுவும் உடன் சென்றது. அதனைச் சுமந்தோருள் திரும்பாதவரும் உளர்.

மீள்குடியேற்றத்தின் பின் நிலைமை மாறியது. 2013இல் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. மின்சாரம் வந்தது. உதிரிப்பாகக் கடைகள் ஏ9 வீதியோரம் தோன்றின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் தொடங்கப்பட்டது. அதனருகே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இற் திறக்கப்பட்டது. உருத்திரபுரத்துக்கும் இந்நிறுவனங்களுக்கும் இடையே உள்ள தூரம் துவிச்சக்கரவண்டியிற் செல்லக்கூடியது. ஓர் எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் கணிப்பது எங்ஙனம் என்று அங்கு கற்போரும், அதனைப் பாக்கிங் ஒன்றாற் குறைத்துப் பத்தாண்டு வண்டி ஓட்டியோரும் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றனர். பின்னவருக்கு இப்போது வயது அறுபதுக்கும் எழுபதுக்கும் மேல். அவரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை: பாக்கிங்கை எதில் வெட்டினீர், எத்தனை தடிப்பில் வைத்தீர், எந்த எஞ்சின் தாங்கவில்லை, ஏன்? இறுதி வினாவுக்கான விடையே பொறியியலாருக்கு மிகுந்த பயன் தருவது. வெற்றிகளை எவரும் நினைவுகூர்வர். எது ஏன் முறிந்தது என்பதை முறித்தவர் மட்டுமே அறிவார்.

பொருட்சான்றுகளைத் தேடுவோர்க்குக் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது. போர் முடிந்தபின் வன்னியெங்கும் சிதறிக் கிடந்த வாகனங்களும் உழவு இயந்திரங்களும் நீரிறைக்கும் எஞ்சின்களும் பழைய இரும்பாகத் திரட்டப்பட்டன. வாழ்வுக்கு வேறு வழியற்றோர் வெடிபொருள் ஆபத்தையும் பொருட்படுத்தாது அவற்றைப் பொறுக்கி விற்றனர். லொறிகள் அவற்றை உருக்குவதற்காகத் தெற்கே கொண்டு சென்றன. இரண்டு பாக்கிங் வைத்த எஞ்சின் தலைகளும், திருகாணியாற் தைத்த வார்ப்பிரும்புகளும், அங்குலப் பொறியில் வெட்டிய மில்லிமீற்றர்ப் புரிகளும் அக்குவியல்களில் இருந்திருத்தல் கூடும். அவை கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டன.